பதினான்கு அச்சுகள்

பிப்ரவரி 5, திங்கள்

மூன்று வருடமாக நாட்குறிப்பை ஜப்பானிய மொழியில்தான் எழுதினேன். மொழி வகுப்பில் பழக்கிவிட்ட வேலை. இன்றிலிருந்து தமிழில். அந்த மொழியில் எழுத உட்கார்ந்தால் பேனாவைப் பிடித்த உடனேயே பணிவு வந்துவிடுகிறது. யாரையும் திட்ட முடியவில்லை.

உதிரிபாகக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் ஒப்பந்தம் முடிந்து நாற்பது நாள் ஆகிறது. இன்று வாசுகி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். ஆழ்வார்பேட்டையில் கலை அறக்கட்டளை நடத்துகிறவர். ஜப்பானிலிருந்து ஒரு கண்ணாடிக் கலைஞர் வருகிறாராம். ஐந்து வாரம் கூடவே இருந்து மொழிபெயர்க்க வேண்டும்.

"மெஷின், போல்ட்டு, நட்டுன்னு பேசிப் பழகினவ நீ. ஆர்ட் பத்திப் பேச வருமா மேகலா?"

"வரும் மேடம்."

"சொந்த ஊர்?"

"தாம்பரம்."

தாம்பரத்தில் ஹாஸ்டலில் இருக்கிறேன். அதுவும் ஊர்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

ஃபுசாஎ கமாதா. வயது அறுபத்தேழு. நாள் முழுக்க அவரைப் பற்றிப் படித்தேன்.

அப்பா பாட்டில் தொழிற்சாலையில் கூலி. வீட்டுக்குப் பின்னால் உடைந்த பாட்டில்களைக் கொட்டிய மேடு. பதினெட்டு வயதில் அவரும் அதே தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார். வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, பதின்மூன்று வருடம். முப்பத்தொரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து கண்ணாடி வார்க்கக் கற்றிருக்கிறார். குழல் வைத்து ஊதுகிற வேலை இல்லை. ஒரு பொருளின்மேல் அச்சு எடுப்பார். அந்த அச்சுக்குள் கண்ணாடித் தூளை அடைத்துச் சூளையில் உருக்கி, நாள்கணக்கில் மெல்ல ஆறவிட்டு, பிறகு அச்சை உடைத்து வெளியே எடுப்பார்.

எதன்மேல் அச்சு எடுக்கிறார் என்பதில்தான் அவர் பெயர். இடிக்கவிருந்த பொதுக் குளியல் கூடத்தின் தேய்ந்த தரை. மூடிய பள்ளியின் மேசைகளுக்கு அடிப்பக்கம், பிள்ளைகள் கிறுக்கிய இடம். சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளிலிருந்து நாற்பது வாசற்படிகள். ஒரு பேட்டியில் சொல்கிறார்: "இடிக்க வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். பத்து நாள் பொறுங்கள் என்பேன். எல்லோரும் பொறுத்திருக்கிறார்கள்."

தொழிலாளி வீட்டுப் பெண். பிடித்திருக்கிறது. பெரிய கலைஞர்களைப் பிடிக்காமல் போவதுதான் என் வழக்கம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஊருக்குப் போனேன். நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே பசும்பொழில் அவென்யூ. அதன் நடுவே நேராக நடந்தால் எங்கள் தெரு நானூறு அடி. நடக்க முடியாது, குறுக்கே ஏழடிச் சுவர். ஏரிக்கரை ஏறி, வரப்பில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பதின்மூன்று வருடமாக இப்படித்தான். சர்வே படத்தில் அது பொது வண்டிப்பாதை. மனை வாங்கியவர்கள் சங்கம் சேர்த்து, பாதுகாப்புக்கு என்று சொல்லிக் கட்டினார்கள். பின்னால் இருப்பது காலனி. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அவர்கள் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அப்பா பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போடுகிறவராக இருந்தவர். இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருடம். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலையிலேயே நின்றுவிடும். எங்கள் தெரு பழனி மாமாவும் தேவா அண்ணனும் அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து வரப்பு வழியாகத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இன்று இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். கொண்டாட்டம்.

"ஆர்டர் வந்துச்சும்மா," என்றார் பழனி மாமா. "மார்ச் அஞ்சாந்தேதி, பன்னெண்டு அடி செவுர ஒடச்சி வுடணும்னு ஆர்.டி.ஓ. கையெழுத்து. உங்கப்பன் பல்லக்குல போறதெல்லாம் இன்னும் மூணு வாரந்தான்."

"பல்லக்கு தூக்கற மூஞ்சிங்களப் பாரு," என்றார் அப்பா. "போற வழியெல்லாம் பீடிப் பொகை. எறங்கி நடந்துடலாமான்னு இருக்கும்."

"நட. யாரு வேணாண்ணா?"

"நடப்பேன்டா. அஞ்சாந்தேதி செவ்வாக்கெழம. நடுவாலயே நடந்து போவேன். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி நாற்காலியத் தூக்கினு வாங்க."

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வராமலே சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது.

பிப்ரவரி 14, புதன்

கமாதா சென்செய் வந்துவிட்டார். சென்செய் என்றால் ஆசிரியர். அங்கே கலைஞர்களையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். குள்ளம், வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடும் கேன்வாஸ் செருப்பு. விரல்களெல்லாம் வெட்டுத் தழும்பு. என்னை "மேகரா சான்" என்கிறார், ல வரவில்லை.

வாசுகி மேடம் மாமல்லபுரம் காட்டினார். சென்செய் ஒவ்வொரு சிற்பத்தின் முன்னாலும் ஒழுங்காகத் தலைகுனிந்தார். திரும்பும்போது என்னிடம் மட்டும், "இவை எல்லாவற்றையும் ஏற்கெனவே எல்லோரும் பார்த்தாகிவிட்டது," என்றார். நான் மேடத்திடம், "ரொம்பப் பிரமிச்சுப் போயிட்டாங்களாம்," என்றேன்.

பிப்ரவரி 17, சனி

இதை எழுதவே வேண்டாம் என்று இருந்தது.

செலவை ஏற்றிருக்கும் கம்பெனியில் காலை எட்டரைக்கு வரவேற்பு. ஏழரை இருக்கும், நெடுஞ்சாலையில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. வெயில் சரியாக அந்தக் கோணத்தில் இருந்தது. சென்செய் கண்ணாடியைத் தட்டி, "நிறுத்துங்கள்," என்றார். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்தார்.

எங்கள் சுவர். மேலே நட்டிருக்கும் பாட்டில் சில்லு முழுக்கப் பற்றி எரிகிற மாதிரி இருந்தது. பழுப்பு, பச்சை, ஒன்றிரண்டு நீலம். இந்தப் பக்கத்திலிருந்து காலையில் நான் அதைப் பார்த்ததே இல்லை. எங்களுக்கு அது எப்போதும் நிழல் பக்கம்.

ஒரு நிமிடம் காரிலேயே இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் காரில் இருக்கக் கூடாது. இறங்கினேன்.

"இது எதற்காக?"

"திருடர்களுக்காக," என்றேன்.

சுவரை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, "முப்பத்தைந்து வருடமாக மனிதர்களின் கை பட்டுத் தேய்ந்த இடங்களைத் தேடி அலைந்திருக்கிறேன். இது கை படவே கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு சில்லாக நட்ட இடம். எனக்கு ஏழு வயதில் எங்கள் பாட்டில் மேட்டைச் சுற்றி வேலி போட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போது ஞாபகம் வருகிறது. இதைத்தான் வார்க்கப் போகிறேன்," என்றார்.

கோபம் என்ற சொல்லைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வரவேற்புக்கு நாற்பது நிமிடம் தாமதம். வாசுகி மேடத்துக்கு எரிச்சல்: "சிலையெல்லாம் விட்டுட்டு காம்பவுண்டு சுவரா?" மாலைக்குள் அவரே, "வாவ், என்ன ஒரு கண்ணு!" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 19, திங்கள்

பசும்பொழில் சங்கச் செயலாளர் கோதண்டராமன் வீட்டில் பேச்சுவார்த்தை. டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்றவர். முறுக்கு, காபி, வெள்ளித் தம்ளர்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். யார் பேசினாலும் நாங்கள் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவர் இப்படிச் சொல்கிறார்" என்றால் கற்றுக்குட்டி என்று அர்த்தம். பேசுகிறவரின் வாயாகவே ஆகிவிட வேண்டும். தேர்வில் இதற்கு எனக்குத்தான் முதல் மதிப்பெண்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் ஒரு மாதிரி ஜனங்க," என்றார் கோதண்டராமன். "நாங்க ஆசைப்பட்டு வீடு கட்டியிருக்கோம். பொம்பளப் புள்ளைங்க இருக்காங்க. பொழுது விடிஞ்சா வாசல் வழியா அதுங்க போறதும் வர்றதும் நல்லாவா இருக்கும்?"

நான் ஜப்பானிய மொழியில் சொன்னேன்: "நாங்கள் ஆசைப்பட்டு வீடு கட்டியிருக்கிறோம். பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்."

ஒரு மாதிரி ஜனங்களை விட்டுவிட்டேன். அதுங்களையும் விட்டுவிட்டேன். சென்செய் தலையாட்டினார்.

கிளம்பும்போது கோதண்டராமன், "ஏம்மா, சொந்த ஊரு எது?" என்றார்.

"தாம்பரம் சார்."

"தாம்பரத்துல எங்க?"

"கிழக்கு."

"அப்பா என்ன பண்றாரு?"

"வாட்டர் போர்டு."

"கெவர்மெண்டா? நல்லது, நல்லது." இன்னொரு முறுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

காலையில் வாசுகி மேடம் நல்ல செய்தி சொன்னார். செப்டம்பரில் ஜப்பானில் கண்காட்சி. ஆறு மாதம் கூட வைத்துக்கொள்ள சென்செய் என்னைக் கேட்டிருக்கிறாராம். "லைஃப் செட்டில்டு உனக்கு. சொதப்பிடாத," என்றார்.

மதியம் கோதண்டராமன் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். கலெக்டருக்கு, சென்செய் எழுதுவதாக. இந்தச் சுவர் உலகப் புகழ்பெற்ற கலைப்பணிக்கு அடிப்படை, பணி நிறைவடையும்வரை எவ்விதச் சேதமும் இன்றி இருக்கும் நிலையிலேயே காத்துத் தர வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். தேதி எதுவும் குறிப்பிடவில்லை.

"இதில் என்ன இருக்கிறது?" என்றார் சென்செய்.

"பணி முடியும்வரை சுவரைத் தொட வேண்டாம் என்று கேட்கிறீர்கள்."

"எப்போதும் கேட்பதுதானே. பன்னிரண்டு நாள் போதும் எனக்கு. இதனால் யாருக்காவது சிரமம் உண்டா?"

அறையில் மின்விசிறி சத்தம் அதிகம். கோதண்டராமன், "என்னம்மா கேக்கறாங்க?" என்றார்.

"இல்லை," என்று சென்செய்யிடம் சொன்னேன்.

கையெழுத்துப் போட்டார். தூரிகைப் பேனா, அழகான கையெழுத்து. பிறகு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் முன்னால் புகைப்படம். சென்செய் இடதுபக்கம், கோதண்டராமன் வலதுபக்கம். வாசுகி மேடம் என்னை நடுவில் நிற்கச் சொன்னார்.

பிப்ரவரி 23, வெள்ளி

விசாவுக்குப் புகைப்படம் எடுத்தேன். காது இரண்டும் தெரிய வேண்டுமாம்.

பிப்ரவரி 26, திங்கள்

வேலை ஆரம்பம். சுவரின் இந்தப் பக்கம் சாரம் கட்டியிருக்கிறார்கள். சில்லுகளின்மேல் நீலநிறக் குழம்பு ஒன்றை ஊற்ற வேண்டும். அது ரப்பராக உறையும். அதற்குமேல் பிளாஸ்டர் பூசி, ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் கழற்றினால் அச்சு. சூளை தாங்கும் அச்சை இதிலிருந்து ஊரில் போய் எடுப்பாராம். ஆனால் அந்தக் குழம்பு கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். அதனால் முதலில் ஒவ்வொரு சில்லிலும் விடாமல் வாஸ்லின் தடவ வேண்டும். கையுறை போட்டால் மூலை விட்டுப்போகும். வெறும் விரல்.

அது என் வேலை. கேட்காமலே எடுத்துக்கொண்டேன். முகமூடி, தொப்பி, தோள்வரை துணி. தூசிக்காக என்று சொன்னேன்.

பாதை இருந்த இடத்தில்தான் சில்லு நெருக்கம். மற்ற இடத்தில் சாணுக்கு ஒன்று. இங்கே விரலுக்கு ஒன்று. சென்செய்யும் அதைக் கவனித்தார். "இந்தப் பன்னிரண்டு அடியில் மட்டும் இவ்வளவு அக்கறை ஏன்?" என்றார். தெரியவில்லை என்றேன். அங்கிருந்தே தொடங்கலாம் என்றார்.

வேலை செய்துகொண்டே பேசுவார். பாட்டில் தொழிற்சாலையில் விளக்குக்கு முன்னால் பாட்டில் போகும். ஒன்றுக்கு ஒரு நொடிதான். விரிசல் விழுந்ததைக் கையால் தட்டிவிட வேண்டும். "பதின்மூன்று வருடம் உடைந்ததை மட்டுமே தேடினேன். நல்ல பாட்டில் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. என் கலை முழுக்க அங்கிருந்து வந்ததுதான். பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் கடல், பனி என்று ஏதாவது சொல்வேன். அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்."

என் இடது உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தார். தன் விரல்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். "கண்ணாடியா?"

"அரிவாள்மனை."

பொய். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை. சுவர் வந்து இரண்டு மாதம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஏறிக் குதிக்கலாம் என்று நினைத்தேன். ஒன்பது தையல். கணக்குப் பரீட்சை எழுதவில்லை. அந்தச் சில்லு எது என்று இன்று தேடவில்லை. எல்லாவற்றிலும் தடவினேன்.

மார்ச் 3, ஞாயிறு

வீடு. அப்பாவின் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்குகிறது. செவ்வாய்க்கிழமைக்கு.

சங்கத்தார் கடிதத்தை அனுப்பியிருக்க மாட்டார்கள். அனுப்பினாலும் ஒரு வெளிநாட்டுக்காரியின் கடிதத்துக்காக அரசாங்க உத்தரவை நிறுத்துவார்களா? மாட்டார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

பத்து மணிக்கு அந்தப் பக்கம் ஜே.சி.பி. சத்தம் கேட்டது. ஏரிக்கரை வழியாக வந்து, காய்ந்த வயலில் இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கூட்டமாகப் பேச்சு. யாரோ பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் சாரத்தின் மேல் எட்டாவது அச்சுக்கு வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தேன். தலை சுவருக்கு மேலே தெரியும் என்பதால் இறங்கிவிட்டேன். வாஸ்லின் தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.

"அந்தப் பக்கம் என்ன?" என்றார் சென்செய்.

"திருவிழா."

பதினொன்றரைக்கு ஜீப் ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் ஒருவர் குரல் மட்டும். பிறகு எல்லார் குரலும். பழனி மாமா கத்துவது தெளிவாகக் கேட்டது: "எந்த ஊர்க்காரி எழுதினா எங்களுக்கு இன்னா சார்? பொம்ம செய்யறதுக்கா செவுரு? மனுசன் போறதுக்கு வழி கேட்டா பொம்ம செய்யணுங்கறீங்க!" ஜே.சி.பி. திரும்பிப் போகிற சத்தம்.

ஒன்றரை மணிக்கு அம்மா போன் செய்தாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தாள்.

மார்ச் 6, புதன்

எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலை ஒன்பதிலிருந்து சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். வழி திறக்கும், நடந்து போகலாம் என்று. திறக்கவில்லை. டயாலிசிஸ் பன்னிரண்டு மணிக்கு. விட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று மாமாவும் தேவா அண்ணனும் நாற்காலியோடு வரப்பில் ஓடியிருக்கிறார்கள். கோபத்தில் ஓடியிருக்கிறார்கள். தேவா அண்ணன் கால் சறுக்கியது. அப்பா இடது கையை ஊன்றி விழுந்தார். அந்தக் கையில்தான் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து வைத்த நரம்பு.

நரம்பு அடைத்துப் போய்விட்டது. இனி அந்தக் கை உதவாது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். கழுத்துக் குழாய்க்குச் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு, ஜாக்கிரதை என்றார் டாக்டர். நீங்கள் யார் என்றார். மகள் என்றேன்.

மார்ச் 8, வெள்ளி

செய்தித்தாளில் வந்துவிட்டது. "ஜப்பானியக் கலைஞர் வேண்டுகோள்: சுவர் இடிப்பு நிறுத்தம்." நான்கு பத்திச் செய்தி, வண்ணப் படம். நடுவில் நான், பல் தெரிய.

மார்ச் 10, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். செய்தித்தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள்.

"இது நீதான?"

"வேலைம்மா. அவங்க பேசறத மாத்தி மாத்திச் சொல்ற வேல. நானா எதுவும் சொல்லக் கூடாது."

"நீ சொல்லக் கூடாதா? வாயி இன்னா வாடகைக்கா வுட்டுக்கிற?" அம்மா குரலை உயர்த்தவில்லை. "தெருவுல ஒருத்தரும் பேசல. தேவாவோட அம்மா எம் மூஞ்சிக்கு நேரா சொல்றா, உம் பொண்ணு அந்தாண்ட நின்னு சிரிக்கிறா, எம் புள்ள இந்தாண்ட தூக்கிச் சாவணுமான்னு."

"அப்பா பாத்தாரா?"

"படம் பாக்கத் தெரியாதா அந்தாளுக்கு?"

அப்பாவின் கட்டிலுக்குப் போனேன். ஹாஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 13, புதன்

பதினான்கு அச்சும் நேற்றே முடிந்தது. சென்செய் அவற்றைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான், "இது மொழிபெயர்ப்பு இல்லை. நான் பேசுகிறேன்," என்று ஆரம்பித்தேன். மரியாதைச் சொற்களை எல்லாம் விட்டுவிட்டேன். இடைவெளி விடாமல் சொன்னேன்: காலனி, பாதை, உத்தரவு, திருவிழா, அப்பாவின் கை, என் உள்ளங்கை.

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் கேட்டேனே, யாருக்காவது சிரமம் உண்டா என்று."

"கேட்டீர்கள். இல்லை என்று சொன்னேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செப்டம்பர் என்று சொல்லியிருப்பேன்.

சுரங்கத் தொழிலாளி வீடுகளின் அந்த நாற்பது வாசற்படிகளைப் பற்றிப் பேசினார். பனிக்காலம். இடிப்பவர்கள் பத்து நாள் பொறுத்தார்கள். ஒரு பெண் தினமும் வந்து, பாத்திர மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பாளாம். "தன் வீட்டுப் படியிடம் விடைபெற வருகிறாள் என்று நினைத்தேன். எல்லாப் பேட்டியிலும் அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அந்தப் படைப்பு வரிசை முழுக்க அவளுடைய முகத்திலிருந்து பிறந்தது என்று. இப்போது தோன்றுகிறது, இதை இடித்தால்தான் அவளுக்குப் புது வீடு என்று இருந்திருக்கலாம். பனியில் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், எப்போது முடிப்பேன் என்று. எங்கள் இருவருக்கும் ஒரே மொழி. அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை."

பிறகு எழுந்து, "கலெக்டரிடம் போகலாம்," என்றார். மனு வாங்குவது திங்கட்கிழமைதான்.

வாசுகி மேடத்துக்கு அடுத்த அரை மணியில் தெரிந்துவிட்டது. "தாம்பரம்னு சொன்னே," என்றார் போனில். அதுதான் அவருக்கு முதல் குற்றம். நாளையிலிருந்து வேறு மொழிபெயர்ப்பாளர் வருவார் என்றார். சென்செய் ஒத்துக்கொள்ளவில்லை, கிளம்பும்வரை நான்தான் என்றார்.

மார்ச் 15, வெள்ளி

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபின் முதல் டயாலிசிஸ் இன்று. பழனி மாமா வரவில்லை. தேவா அண்ணன் வரவில்லை. அம்மா தோளில் சாய்த்து நடத்திக்கொண்டே போயிருக்கிறாள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

மார்ச் 18, திங்கள்

சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் பெட்டியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஓர் அதிகாரி கூப்பிட்டார். சென்செய் கையால் எழுதிய கடிதத்தை நான் வரி விடாமல் மொழிபெயர்த்தேன்: என் முந்தைய கடிதத்தை நான் திரும்பப் பெறுகிறேன். என் பணி முடிந்துவிட்டது. சுவரை உடனே இடியுங்கள்.

அதிகாரி நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்தார். "மொதல்ல காப்பாத்துங்கன்னாங்க. இப்ப இடிங்கங்கறாங்க. ஃபைல் என்னம்மா ஊஞ்சலா? தேர்தல் விதி அமல்ல இருக்கு. ஜூன் வரைக்கும் ஒரு செங்கல்லக் கூட அசைக்க முடியாது. அதுக்குள்ள சங்கத்துக்காரங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க, தெரியுமா? இவங்க எழுதின லெட்டரத்தான் முதல் ஆவணமா வச்சிருக்காங்க."

"அந்த லெட்டரத்தான் சார் வாபஸ் வாங்கறாங்க."

"வாங்கட்டும். கோர்ட்டுல வந்து வாங்கட்டும். எப்ப ஊருக்குக் கிளம்பறாங்க?"

"நாளன்னிக்கி."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

மொழிபெயர்த்தேன். எதையும் விடவில்லை.

மார்ச் 20, புதன்

பதினான்கு அச்சும் பெட்டிகளில் ஏறிவிட்டன. ஆணி அடித்தது நான்தான்.

கடைசிப் பெட்டியை மூடும் முன், "இவற்றை இங்கேயே உடைத்துப் போட்டுவிட்டால் அந்தச் சுவர் திறக்குமா?" என்றார் சென்செய்.

"திறக்காது."

"அப்படியானால் எடுத்துக்கொண்டு போகிறேன்."

விமான நிலைய வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, இடுப்பு மடிய என் முன்னால் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. வெட்கப்பட்டார், எடுத்துக்கொண்டும் போனார். இரண்டும் உண்மை. சுவர் கண்ணாடியாகி எங்கோ வெள்ளை அறையில் வெளிச்சம் போட்டு நிற்கும். சுற்றி நடந்து பார்ப்பார்கள். அந்தக் கண்ணாடிச் சுவரைச் சுற்றி நடக்க அரை நிமிடம்கூட ஆகாது.

செப்டம்பருக்கு வரச் சொல்லி அழைப்பு இன்னும் இருக்கிறது என்றார். அவருடைய பெட்டி வண்டியை உள்வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன்.

மார்ச் 22, வெள்ளி

ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டேன். காலையில் பழனி மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே இருந்துகொண்டே மாமி, "அவரு இல்ல," என்றாள். அவருடைய செருப்பு வாசலில் இருந்தது.

நாங்கள் இரண்டு பேரே தூக்கினோம். அம்மா முன்னால், கைகளைப் பின்னால் நீட்டி நாற்காலியின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு. நான் பின்னால், முதுகுப் பக்கம். அப்பா நாற்பத்தாறு கிலோதான். வரப்பு ஓர் அடி அகலம். பத்து எட்டுக்கு ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். அப்பா கழுத்துக் குழாயைத் துண்டால் மூடிப் பிடித்திருந்தார். எனக்கு அவருடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

பாதி தூரம் போன பிறகு, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்களே. அதுல இன்னா எழுதிருந்துதுன்னு அப்பவே உனுக்குத் தெரியுமா?"

ஆங்கிலத்தில் இருந்தது என்று சொல்லலாம். அவசரத்தில் சொன்னார்கள் என்று சொல்லலாம். இத்தனை நாள் இந்த நோட்டில் எழுதிய மாதிரியே ஏதாவது சொல்லலாம்.

"தெரியும்பா."

அம்மா நிற்கவில்லை. அப்பா கழுத்துத் துண்டை இன்னும் இழுத்துப் பிடித்தார். நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது, நிமிர்த்திப் பிடித்தேன்.

"முன்னாடி வரப்பு ஒடஞ்சிருக்குது," என்றார். "பாத்து கால வெய்யி."